பழைய சாமானை ஆன்லைனில் விற்கும்போது குறையை எழுதணுமா, எப்படி எழுதணும்? (பெங்களூரு)

புதுவீடு

எல்லாருக்கும் வணக்கம். மாசக் கடைசிக்குள் பானஸ்வாடி வீட்டைக் காலி பண்ணணும். விற்க வேண்டியவை: 7 கிலோ ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், குயின் சைஸ் கட்டில், தமிழ்நாடு நம்பர் ஸ்கூட்டர், ஒரு லேப்டாப். முதலில் வாஷிங் மெஷினுக்கு இப்படி எழுதி வச்சிருக்கேன்:

"வாஷிங் மெஷின் விற்பனைக்கு. சூப்பர் கண்டிஷன். கொஞ்சம்தான் யூஸ் பண்ணினது. ஒரு பிராப்ளமும் இல்லை. வாங்கினது 32,000, இப்போ 15,000 மட்டுமே. அர்ஜென்ட் சேல். சீரியஸ் பையர்ஸ் மட்டும்."

படம் கம்பெனி வெப்சைட்டிலிருந்து எடுத்தது. ஸ்பின் ஆகும்போது சத்தம் வருது. அதையும் எழுதணுமா, நேரில் வந்ததும் சொன்னா போதுமா?

சலவைக்கல்

எழுதணும் தம்பி, முதல் இரண்டு வரிக்குள்ளேயே. ஆனா "சத்தம் வருது"ன்னு மட்டும் எழுதினா வாங்குறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. எந்தச் சத்தம்னு முதலில் நீங்க கண்டுபிடிங்க, பத்து நிமிஷ வேலை.

பிளக்கைப் பிடுங்கிட்டு, கதவைத் திறந்து, காலி டிரம்மைக் கையால் வேகமா சுத்தி விடுங்க. தொடர்ச்சியா "கர்ர்"னு உறுமினா பேரிங் (டிரம் சுழலத் தாங்குற உருண்டை வளையம்) தேய்ஞ்சிருக்கு. அடுத்து டிரம்மின் மேல் விளிம்பைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டுங்க. வெளித்தொட்டியும் சேர்ந்து ஆடினா அது ஸ்பிரிங்கில் தொங்குற இயல்பான ஆட்டம். வெளித்தொட்டி சும்மா இருக்க, உள் டிரம் மட்டும் தனியா லொடலொடன்னு ஆடினா அதுவும் பேரிங்தான். கையால் சுத்தும்போது சத்தமே இல்லை, ஸ்பின்னில் மட்டும் மெஷினே குதிக்குதுன்னா, நாலு காலும் தரையில் சமமா இல்லை, இல்லேன்னா ஷாக் அப்சார்பர் (குலுக்கலைத் தாங்குற பாகம்) போயிருக்கு. தண்ணி வெளியேறும்போது மட்டும் "கடகட"ன்னா டிரெயின் பம்ப்பில் நாணயமோ ஊக்கோ மாட்டியிருக்கு. முன்பக்கம் கீழே இருக்கிற மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழுவினாலே சரியாயிடும். திறக்கும்போது தண்ணி கொட்டும், தட்டு வச்சுக்குங்க.

இதில் காலைச் சமப்படுத்துறதும் ஃபில்டர் கழுவுறதும் செலவில்லாத வேலை, முடிச்சிட்டு விளம்பரம் போடுங்க. பேரிங் அப்படி இல்லை. டிரம்மை முழுசா வெளியே எடுக்கணும். சில மாடல்களில் வெளித்தொட்டியை வெல்டிங் பண்ணி மூடியிருப்பாங்க. அதைப் பிரிக்க முடியாது, முழுத் தொட்டியையே மாத்தணும். வாங்குறவர் இந்தச் செலவைக் கணக்குப் போட்டுதான் விலை சொல்ல முடியும், அதனாலதான் "பேரிங் சத்தம்"னு பேர் சொல்லி எழுதணும்ங்கறேன்.

மர்பிடவுன்

சலவைக்கல் அண்ணா சொல்றது நியாயம்தான். ஆனா முதல் வரியிலேயே குறையைப் போட்டா யாருமே கூப்பிட மாட்டாங்களே? வந்து பார்த்து, மெஷின் பிடிச்ச பிறகு சொன்னா விலையைக் கொஞ்சம் குறைச்சு எடுத்துக்குவாங்க.

சலவைக்கல்

எடுத்துக்க மாட்டாங்க. ஒயிட்ஃபீல்டிலிருந்து கே.ஆர்.புரம் வழியா ஒருத்தர் குட்டியானை வண்டியைப் பிடிச்சுக்கிட்டு வர்றார்னு வைங்க. வண்டி வாடகை, தூக்குற ஆள் இரண்டு பேர் கூலி எல்லாம் அவர் கையிலிருந்து போயிருக்கு. அங்கே வந்த பிறகு பேரிங் கதையைக் கேட்டார்னா, சொல்லாத குறை இன்னும் எத்தனையோன்னு சந்தேகம் வந்துடும். பேரிங்குக்கு 2,000 குறைக்கிற ஆள் சந்தேகத்துக்கும் சேர்த்து 6,000 குறைப்பார். இல்லேன்னா திரும்பிப் போயிடுவார், உங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வீண்.

குறையை முன்னாடியே எழுதினா கூப்பிடுறவங்க எண்ணிக்கை குறையும், உண்மை. ஆனா கூப்பிடுறவங்க அந்தக் குறையோடு வாங்கத் தயாரா இருக்கிறவங்க. மெக்கானிக் தெரிஞ்சவங்க, வாடகைக்கு விடுறவங்க, பேச்சிலர் பசங்க. பேரிங் போன மெஷினுக்கும் ஆள் உண்டு. அவங்க கண்ணில் படணும்னா அந்த வார்த்தை விளம்பரத்தில் இருக்கணும்.

ஃபிரேசர்டவுன்_வழக்கு

ஒரு சட்ட விஷயம், சுருக்கமாச் சொல்றேன். "ஒரு பிராப்ளமும் இல்லை"ங்கற வரியை இப்பவே எடுத்துடுங்க.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 17இன்படி, பொய்னு தெரிஞ்சே ஒண்ணை உண்மைன்னு சொல்றதும், தெரிஞ்ச ஒரு விஷயத்தை முயற்சி எடுத்து மறைக்கிறதும் மோசடி. வெறுமனே பேசாம இருக்கிறது பொதுவா மோசடி ஆகாது. அந்த வித்தியாசத்தைப் பிடிச்சுக்கிட்டு "கேட்டாத்தானே சொல்லணும்"னு நிறையப் பேர் இருக்காங்க. ஆனா துருவுக்கு மேல பெயின்ட் அடிச்சா அது மௌனம் இல்லை, மறைப்பு. கேட்ட கேள்விக்கு "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க"ன்னா பொய். சத்தம் வருதுன்னு தெரிஞ்சே "பிராப்ளம் இல்லை"ன்னு எழுதினா அதுவும் இதே கணக்குதான். பொருள் விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 15 இன்னொண்ணு சொல்லுது: வர்ணனையைச் சொல்லி விற்றா, பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்தணும். நீங்க டைப் பண்ற விளம்பரம்தான் அந்த வர்ணனை.

மோசடியால் நடந்த விற்பனையை வாங்கினவர் ரத்து பண்ணக் கேட்கலாம். 8,000 ரூபாய் மெஷினுக்கு யாரும் கோர்ட்டுக்குப் போறது அபூர்வம். ஆனா உங்க வீட்டு விலாசம் அவருக்குத் தெரியும், வாட்ஸ்அப்பில் நீங்க எழுதினதும் அவர்கிட்ட இருக்கும்.

ஜன்னலோரம்

படத்தைப் பத்தி யாரும் பேசலையே. கம்பெனி படம் கூடவே கூடாது புதுவீடு. அந்தப் படத்தைப் பார்த்தா பொருள் உங்ககிட்ட இருக்கான்னே சந்தேகம் வரும்.

காலை ஒன்பது மணியிலிருந்து பதினொண்ணுக்குள், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாம எடுங்க. ஃபிளாஷ் போட்டா ஸ்டீல் கதவிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் புள்ளி அடிச்சு, கீறல் இருக்கிற இடம் மறைஞ்சிடும். எடுக்கும் முன்னாடி ஈரத்துணியால் துடைங்க, மேலே இருக்கிற துணிமூட்டையை எடுத்துடுங்க. அழுக்கைத் துடைக்கிறது ஏமாத்து இல்லை. கீறலை ஃபில்டர் போட்டு மழுப்புறதுதான் ஏமாத்து.

முதல் படம் நேர் முன்னாடி, முழுப் பொருளும் தெரியணும். பிறகு இரண்டு பக்கம், பின்பக்கம். வாஷிங் மெஷின்னா கதவைத் திறந்து கீழ்ப்பக்க ரப்பர் கேஸ்கெட் மடிப்பை விரலால் விரிச்சு ஒரு படம். கறுப்புப் பூஞ்சையும் கிழிசலும் அங்கேதான் ஒளிஞ்சிருக்கும், பழக்கப்பட்டவங்க நேரில் முதலில் தொடுற இடமும் அதுதான். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கிற லேபிளுக்கு ஒரு படம்: மாடல், கொள்ளளவு, சில மாடல்களில் தயாரிப்பு மாசமும் அதில் இருக்கும். சீரியல் நம்பரை மட்டும் விரலால் மறைச்சுக்குங்க.

குறைக்கு எப்பவும் இரண்டு படம் எடுக்கணும். ஒண்ணு தூரத்திலிருந்து, எந்த இடம்னு தெரியுற மாதிரி. இன்னொண்ணு கிட்ட, பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வச்சு. நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், அளவு தானா புரிஞ்சிடும். கிட்டப் படம் மட்டும் போட்டா சின்னக் கீறல்கூட பெரிய விரிசலாத் தெரியும். அது உங்களுக்குத்தான் நஷ்டம்.

அப்புறம் ஓடுற வீடியோ. வெட்டாம, ஒட்டாம ஒரே ஷாட். தண்ணி ஏறுறது கொஞ்சம், ஸ்பின் உச்ச வேகத்தில் முப்பது விநாடி. பாட்டு சேர்க்காதீங்க, அந்தச் சத்தம்தான் வாங்குறவருக்கு வேணும். பின்னணியில் வீட்டு நம்பரும் குழந்தைங்க முகமும் வராம பார்த்துக்குங்க.

புதுவீடு

சுத்திப் பார்த்தேன். "கர்ர்"னு உறுமுது, ஆட்டம் இல்லை. அப்போ பேரிங்தானே சலவைக்கல் அண்ணா? இன்னொரு கேள்வி, இங்கே போர்வெல் தண்ணிதான். அதையும் எழுதணுமா?

சலவைக்கல்

பேரிங்தான், ஆரம்ப நிலை. "காலி டிரம்மைக் கையால் சுத்தினா உறுமல் கேட்கும், டிரம்மில் ஆட்டம் இல்லை, துவைக்கிறதும் பிழியறதும் நடக்குது"ன்னு அப்படியே எழுதுங்க. நீங்க சோதிச்ச விதத்தையும் சேர்த்து எழுதினா, வர்றவரும் அதையே செஞ்சு பார்த்துக்குவார். வாதமே வராது.

போர்வெல் தண்ணியையும் கட்டாயம் எழுதுங்க. உப்புத் தண்ணி சூடாகும்போது ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு படியும். படிவு கனமானா சூடு தண்ணிக்குள் இறங்காது, கம்பி தன் சூட்டிலேயே எரிஞ்சு போகும். குளிர்ந்த தண்ணியிலேயே துவைக்கிறவங்களுக்கு ஹீட்டர் போனதே தெரியாது. 60 டிகிரியில் ஓட விட்டு அரை மணி கழிச்சுக் கதவுக் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்க, சூடு ஏறியிருக்கணும். சூடு இல்லேன்னா ஹீட்டரோ சென்சாரோ வேலை செய்யலை, அதையும் எழுதுங்க. டேங்கர், போர்வெல், காவிரின்னு எந்தத் தண்ணியில் ஓடினதுன்னு இந்த ஊரில் வாங்குறவங்க கேட்கிற கேள்வி அது. ஆர்ஓ ஃபில்டரும் கீசரும் விற்கிறவங்களும் இதை எழுதணும்.

கடைசியா டிரான்சிட் போல்ட். ஃப்ரன்ட் லோடு மெஷினைக் கொண்டு வந்தப்போ பின்பக்கத்தில் மூணோ நாலோ நீளமான போல்ட் இருந்திருக்கும். டிரம் ஆடாம இறுக்கிப் பிடிக்கிறது அதுதான். அது இல்லாம வண்டியில் ஏத்தினா, இந்த ஊர் பள்ளத்தில் டிரம் இடிச்சு ஷாக் அப்சார்பரும் போகும். இருக்குன்னா இருக்குன்னு எழுதுங்க. இல்லேன்னா "டிரான்சிட் போல்ட் இல்லை, வாங்குறவர் ஏற்பாடு பண்ணிக்கணும்"னு எழுதுங்க. 7 கிலோ மெஷின் ஏறக்குறைய 60 கிலோ கனக்கும். மாடி, லிஃப்ட் விவரமும் வேணும்.

மாமரம்

கட்டிலைப் பத்தி நான் சொல்றேன். "குயின் சைஸ்"னு மட்டும் எழுதாதீங்க, மெத்தை உட்காரும் இடத்தை டேப் வச்சு அளந்து அங்குலத்தில் எழுதுங்க. குயின்னு 78க்கு 60உம் விற்குது, 72க்கு 60உம் விற்குது. தப்பான நீளம்னா வாங்கினவர் மெத்தை உள்ளே போகாது.

மரம் எது? தேக்கு, சீஷம் மாதிரி முழு மரமா, பிளைவுட்டா, எம்டிஎஃப்பா, பார்ட்டிகிள் போர்டா? தெரியலேன்னா அடிப்பக்கம் லேமினேட் இல்லாத ஓரத்தைப் பாருங்க. பிளைவுட் அடுக்கு அடுக்கா இருக்கும், பார்ட்டிகிள் போர்டில் மரத்தூள் துணுக்கு கண்ணுக்குத் தெரியும், எம்டிஎஃப் அட்டை மாதிரி வழவழன்னு ஒரே நிறம். இது ஏன் முக்கியம்னா, பார்ட்டிகிள் போர்டு கட்டிலைக் கழட்டி மாட்டும் ஒவ்வொரு தடவையும் ஸ்குரூ ஓட்டை தளரும். மூணாவது தடவையில் ஸ்குரூ பிடிக்காம சுத்திக்கிட்டே இருக்கும். எத்தனை தடவை கழட்டினதுன்னு எழுதுங்க. துடைப்பத் தண்ணி பட்டு கால் பக்கம் ஊதியிருந்தா அதுக்கும் படம்.

மூட்டைப்பூச்சி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மெத்தைத் தையல் ஓரம், கட்டில் இணைப்பு மூலை, ஸ்குரூ ஓட்டை எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளி, தோல் உரிஞ்ச கூடு தெரிஞ்சா விற்காதீங்க, சும்மாவும் கொடுக்காதீங்க. முதலில் மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடுங்க. இன்னொரு குடும்பத்தின் படுக்கையறைக்கு அதை அனுப்பிட்டு நாம நிம்மதியாத் தூங்க முடியாது.

சலவைக்கல்

ஃபிரிட்ஜுக்கு ஒரே ஒரு முக்கியமான விஷயம்: "5 ஸ்டார்"னு மட்டும் போடாதீங்க, ஸ்டார் லேபிளில் இருக்கிற வருஷத்தையும் சேர்த்து எழுதுங்க. அளவுகோலை அவ்வப்போது இறுக்குறாங்க. ஏசிக்கு 2022 ஜூலையிலும் ஃபிரிட்ஜுக்கு 2023 ஜனவரியிலும் மாறிச்சு. பழைய 5 ஸ்டாரும் இன்னிக்கு 5 ஸ்டாரும் ஒண்ணு இல்லை. லேபிள் கிழிஞ்சிருந்தா ஸ்டாரையே எழுத வேண்டாம்.

டைரக்ட் கூலா (ஐஸை நாமே கரைக்கணும்), ஃப்ராஸ்ட் ஃப்ரீயா (தானா கரையும்)ன்னு எழுதுங்க. கதவு கேஸ்கெட்டில் ஒரு பேப்பர் துண்டை வச்சு மூடி இழுத்துப் பாருங்க, எதிர்ப்பே இல்லாம உருவிக்கிட்டு வந்தா அந்த இடம் தளர்ந்திருக்கு. கொடுக்கிறதுக்கு முந்தின நாளே ஆஃப் பண்ணி, ஐஸ் கரைஞ்சு, கதவைத் திறந்து காய விடுங்க. ஓடுற வீடியோவை அதுக்கு முன்னாடியே எடுத்துடணும், மறந்துடாதீங்க. நிமிர்த்தியே கொண்டு போகச் சொல்லுங்க. படுக்க வச்சா கம்ப்ரெசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறும், நிமிர்த்தின உடனே ஸ்விட்ச் போடக் கூடாது, சில மணி நேரம் விடணும்.

கே.ஏ.05

ஸ்கூட்டர்தான் இந்தப் பட்டியலில் ரொம்ப ஜாக்கிரதையா எழுத வேண்டியது. தமிழ்நாடு நம்பர்னா, என்ஓசி (ஆர்டிஓ தர்ற தடையில்லாச் சான்று) விவரத்தோடு முதல் வரியிலேயே போடுங்க: "டிஎன் பதிவு, என்ஓசி எடுக்கணும்" அல்லது "என்ஓசி தயார்". ஃபாரம் 28இல் சொந்த ஆர்டிஓவிலிருந்து என்ஓசி வாங்கினாத்தான் கர்நாடகாவில் மறுபதிவு நடக்கும், இங்கே ஆயுள் வரியும் கட்டணும். அந்த வரி யார் தலையில்னு எழுதாத விளம்பரம் எல்லாம் கடைசியில் சண்டையில்தான் முடியுது. வாங்குறவர் தமிழ்நாட்டுக்கே கொண்டு போறவர்னா கதை வேற, பேர் மாத்துறதுக்கான ஃபாரம் 29உம் 30உம் போதும்.

ஆர்சி யார் பேரில், எத்தனாவது ஓனர் (எம்பரிவாகன்ங்கற அரசு ஆப்பில் தெரியும், அங்கே 2னு இருந்தா இங்கே சிங்கிள் ஓனர்னு எழுதாதீங்க), லோன் இருந்ததா, அடைச்சாச்சுன்னா ஆர்சியில் அடமானக் குறிப்பு நீக்கினதா, இன்சூரன்ஸ் முழுசா, இல்லேன்னா தேர்ட் பார்ட்டி மட்டுமா, எந்தத் தேதி வரை, பாக்கி சலான் எவ்வளவு. டயருக்கு "நல்லா இருக்கு"ன்னு எழுதாம பக்கவாட்டில் இருக்கிற நாலு இலக்கத்தைப் படம் எடுங்க. 3521னு இருந்தா 2021ஆம் வருஷம் 35ஆவது வாரம் தயாரிச்சது. மீட்டர் படம் இக்னிஷன் போட்ட நிலையில்.

விற்ற பிறகு பேரை மாத்தாம "அவரே மாத்திக்குவார்"னு விடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50இன்படி, அதே மாநிலத்துக்குள்ளன்னா விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்கணும். 2018இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாச் சொல்லிடுச்சு: பதிவேட்டில் யார் பேர் இருக்கோ, விபத்து இழப்பீட்டுப் பொறுப்பில் அவர்தான் ஓனர். விளம்பரத்திலேயே "பெயர் மாற்ற விண்ணப்பம் போட்ட பிறகே வண்டி கொடுக்கப்படும்"னு எழுதிடுங்க.

ஜன்னலோரம்

லேப்டாப்புக்கு "பேட்டரி பேக்கப் சூப்பர்"னு எழுதுறதுக்குப் பதிலா விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுங்க. அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னு இரண்டு எண் வரும். 50,000க்கு 31,000 மிச்சம்னா 62 சதவீதம். அந்த சதவீதத்தையே எழுதுங்க. பிராசசர் பேரை முழு மாடல் எண்ணோடு எழுதணும், "ஐ5"னு மட்டும் போட்டா அது பத்து வருஷம் பழசாகவும் இருக்கலாம், போன வருஷத்ததாகவும் இருக்கலாம். கீபோர்டில் எந்தக் கீ ஒட்டுது, எந்த யூஎஸ்பி ஓட்டை வேலை செய்யலைன்னு எழுதுங்க. கொடுக்கும் முன்னாடி அக்கவுண்டிலிருந்து வெளியேறி ரீசெட் பண்ணணும்.

போன் விற்கிறவங்களும் இதைப் படிப்பீங்க, அதனால ஒரு வரி. வாங்குறவர் ஆங்கிலத்தில் KYMனு டைப் பண்ணி ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா, அது பிளாக் ஆன போனான்னு தெரிஞ்சிடும். நேரில் சோதிக்க விடுங்க. விளம்பரப் படத்தில் மட்டும் அந்த எண் வரக் கூடாது.

மர்பிடவுன்

சரி, என் கருத்தை மாத்திக்கிறேன், குறையை முன்னாடியே எழுதுறதுதான் சரி. விலைக்கு என்ன கணக்கு? கேஸ் அடுப்பும் சிலிண்டரும் சேர்த்துப் போடலாமா?

சலவைக்கல்

சிலிண்டர் நம்ம சொத்து இல்லை, எண்ணெய் கம்பெனியுடையது. நாம கட்டினது டெபாசிட்தான். ஏஜென்சியில் ஒப்படைச்சு டெபாசிட்டைத் திரும்ப வாங்குங்க. அடுப்பை மட்டும் விற்கலாம்.

விலைக்கு, "வாங்கினது 32,000"ங்கறது உதவாது. இன்னிக்கு அதே கொள்ளளவு புது மெஷின் கடையில் தள்ளுபடி போக என்ன விலைக்குக் கிடைக்குதுன்னு பாருங்க. அதில் வயசுக்குக் குறைச்சு, ரிப்பேர் செலவையும் கழிங்க. ரிப்பேருக்கு மெக்கானிக்கிட்ட விலை கேட்டு அதையும் எழுதினா இன்னும் நல்லது. வாங்குறவர் வண்டி வாடகை கொடுக்கணும்ங்கறதும் நினைவில் இருக்கணும். குஜரிக் கடை (பழைய சாமான் கடை) விலைக்கும் உங்க விலைக்கும் நடுவில் எங்கேயோதான் உண்மை விலை இருக்கும். "லாஸ்ட் எவ்ளோ"ன்னு கேட்பாங்கன்னு இரண்டு மடங்கு ஏத்தி வைக்காதீங்க. ஐநூறு, ஆயிரம் குறைக்க இடம் விட்டாப் போதும்.

ஃபிரேசர்டவுன்_வழக்கு

பணம் வாங்கும்போது ஒண்ணு. யுபிஐயில் பணம் வர பின் நம்பர் போட வேண்டியதே இல்லை, க்யூஆர் ஸ்கேன் பண்ண வேண்டியதும் இல்லை. பொருளைப் பார்க்காமலே முழு விலைக்கு ஒத்துக்கிட்டு, "நான் ராணுவத்தில் இருக்கேன், க்யூஆர் அனுப்புறேன்"னு வர்ற ஆளைத் தவிர்த்துடுங்க. பணம் போயிட்டா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்க. பணம் வந்ததை ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்து நம்பாதீங்க, உங்க பேங்க் ஆப்பில் பாருங்க.

புதுவீடு

எல்லாருக்கும் நன்றி. திருத்தி எழுதிட்டேன்:

"7 கிலோ ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின், 2019 தயாரிப்பு, பேரிங் சத்தம் உண்டு: 6,500. பானஸ்வாடி.
துவைக்கிறது, பிழியறது, தண்ணி வெளியேத்துறது எல்லாம் நடக்குது. 60 டிகிரியில் சூடாகுது, இந்த வாரம் சோதிச்சது. காலி டிரம்மைக் கையால் சுத்தினா உறுமல் கேட்கும், ஆட்டம் இல்லை. ஸ்பின் வீடியோ இணைப்பில். கேஸ்கெட்டின் கீழ் மடிப்பில் கறுப்புக் கறை, கிழிசல் இல்லை (படம் 5). வலது பக்கம் 4 செ.மீ. கீறல் (படம் 6, 7). போர்வெல் தண்ணியில் ஓடினது. பில் இருக்கு, வாரண்டி முடிஞ்சது. டிரான்சிட் போல்ட் இல்லை. இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு. விற்கக் காரணம்: ஊர் மாறுறோம். வந்து ஓட்டிப் பார்த்துட்டு எடுக்கலாம். மாலை 6க்கு மேல, ஞாயிறு முழு நாளும். எடுத்த பிறகு திருப்பி வாங்க இயலாது."

சலவைக்கல்

இது போதும் தம்பி. அகலம் உயரம் ஆழம் மட்டும் செ.மீ.யில் சேர்த்துடுங்க, பாத்ரூம் கதவு சின்னதா இருக்கிற வீடு இங்கே நிறைய. டிரான்சிட் போல்ட்டுக்கு சர்வீஸ் சென்டரில் மாடல் எண் சொல்லிக் கேட்டுப் பாருங்க. கிடைச்சா அந்த வரியை மாத்திடலாம்.

ஜன்னலோரம்

அபார்ட்மென்ட்டில் சாமான் வெளியே போக கேட் பாஸ் வேணுமா, ஞாயித்துக்கிழமை விடுவாங்களான்னு இன்னிக்கே அசோசியேஷனில் கேட்டுடுங்க. சில இடங்களில் ஞாயிறு அனுமதி இல்லை. அப்படின்னா "ஞாயிறு வந்து பார்க்கலாம், எடுக்கிறது சனிக்கிழமை அல்லது வார நாளில்"னு விளம்பரத்தைத் திருத்தணும். விற்ற அன்னிக்கே விளம்பரத்தையும் எடுத்துடுங்க.